பெட்டிக்குள் போர் – 17: இத்தாலியில் எழுந்த வேலி

பலெர்மோ நகரின் பொலிதேயாமா அரங்கு 1874 ஜூன் 7 அன்று திறக்கப்பட்டபோது அதற்குக் கூரை கிடையாது. கட்டடக் கலைஞர் ஜுசெப்பே தாமியானி அல்மேய்தா வரைந்த திட்டம் பாதியில் நிற்க, வானமே விதானமாக பெல்லினியின் இசை நாடகம் அரங்கேறியது. கூரை பின்னால் வந்தது. மாரியோ ருத்தெல்லி வார்த்த வெண்கலத் தேரும் குதிரைகளும் முகப்பின் உச்சியில் ஏறின. இன்று அந்தச் சதுக்கத்திலிருந்து பிரியும் ருஜ்ஜேரோ செத்திமோ தெருவும் லிபெர்தா நெடுஞ்சாலையும்தான் நகரத்தின் கடைவீதி. இந்தப் பகுதியின் மாடி வீடுகளில் வீட்டு வேலைக்கும் முதியோரைப் பராமரிக்கவும் போய்வருபவர்களில் நம் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். 1980களிலிருந்தே இந்த நகரத்தில் வேர்விட்டவர்கள். சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்குப் போனால் இத்தாலியர்களுக்கு நடுவில் தமிழ் கேட்கும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கடை ஜன்னலில் பார்த்து ஆசைப்பட்ட கேம் பெட்டியின் விலை எங்கே, யாரால், எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதுதான் இந்த அத்தியாயம்.

அரங்கிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பொலிதேயாமா எல்லா வகைக் காட்சிக்கும் இடம் கொடுக்கும் பொது அரங்காகத் திட்டமிடப்பட்டது. இசை நாடகமும் நடக்கும், குதிரை வித்தையும் நடக்கும். நம் ஊர் நாடகக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்காரர் கடன் வாங்கிக் கொட்டகை போடுவார். ஆடுவது வேறொரு கம்பெனி. கூட்டம் சேர்ந்தால் வசூலில் ஒரு பங்கு கொட்டகைக்கு. நாடகம் யாருடையதாக இருந்தாலும் பங்கு வந்துகொண்டே இருக்கும், வாசல் தன் கையில் இருக்கும்வரை. வீடியோ கேம் கன்சோல் செய்யும் நிறுவனத்தின் கணக்கும் இதேதான். பெட்டியை அடக்க விலைக்கோ நஷ்டத்துக்கோ விற்பார்கள். அதில் ஓடும் ஒவ்வொரு கேமிலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அவர்களுக்கு உயிர்நாடி பெட்டி இல்லை, வாசல். அந்த வாசலைக் காக்க அவர்கள் எழுப்பிய வேலியின் கதை இத்தாலியில் தெரிகிற அளவுக்கு வேறெங்கும் தெளிவாகத் தெரியாது.

இத்தாலிக்கு இந்தத் தொழிலில் சொந்த முன்கதை ஒன்று உண்டு. குளிர்சாதனப் பெட்டிக்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் பெயர்போன பொர்தெனோனே நகரத்து ஸனுஸ்ஸி நிறுவனம், தன் செலேக்கோ முத்திரையில் 1974இல் பிங்-ஓ-ட்ரோனிக் என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொலைக்காட்சியில் மாட்டினால் இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியும் தெரியும். புள்ளியைத் தட்டித் தட்டி விளையாட வேண்டியதுதான். உள்ளே கேம்கள் நிரந்தரமாகப் பதிந்திருந்தன, புதிதாக எதையும் செருக வழியில்லை. எனவே ஸனுஸ்ஸிக்கு லாபம் என்று ஒன்று வந்தால் அது பெட்டியின் விலையிலிருந்துதான் வந்தாக வேண்டும். பெட்டி விற்றதும் வாடிக்கையாளருடனான உறவு முடிந்தது. குளிர்சாதனப் பெட்டி விற்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கவில்லை. அந்த வழியில் போன ஐரோப்பிய நிறுவனங்கள் எதுவும் இந்தத் தொழிலில் நிலைக்கவில்லை.

சென்ற அத்தியாயத்தில் 1983இல் அமெரிக்கச் சந்தை இடிந்து விழுந்ததைப் பார்த்தோம். அட்டாரியின் பெட்டிக்கு யார் வேண்டுமானாலும் கேட்ரிட்ஜ் செய்யலாம் என்றிருந்தது. குப்பைகள் குவிந்தன, விலை சரிந்தது, கடைக்காரர்கள் கேம் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள். கியோட்டோவில் நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யாமௌச்சி அதிலிருந்து கற்ற பாடம் ஒன்றுதான்: வாசலுக்குப் பூட்டு வேண்டும். என்இஎஸ் பெட்டிக்குள் ஒரு சிறு சில்லு. கேட்ரிட்ஜுக்குள் அதற்கு ஜோடியாக இன்னொன்று. சுவிட்சைப் போட்டதும் இரண்டும் எண்களைப் பரிமாறிக்கொள்ளும். கணக்கு ஒத்துப்போனால் கேம் ஓடும். ஒத்துப்போகாவிட்டால் பெட்டி விநாடிக்கு ஒருமுறை தன்னைத்தானே அணைத்து மறுபடி எழும். திரை சிமிட்டிக்கொண்டே இருக்கும், சிவப்பு விளக்கும் சேர்ந்து சிமிட்டும். அந்தச் சில்லை நின்டெண்டோவிடம் மட்டுமே வாங்க முடியும். கேம் நிறுவனங்கள் கேட்ரிட்ஜ்களை நின்டெண்டோவிடமே முன்பணம் கட்டித் தயாரித்து வாங்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து கேமுக்கு மேல் வெளியிடக் கூடாது. கேம் விற்றாலும் விற்காவிட்டாலும் நின்டெண்டோவுக்குப் பணம் வந்துவிடும்.

இந்தப் பூட்டை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தபோது நின்டெண்டோ இன்னொரு காரியம் செய்தது. ஒரே கண்டத்துக்கு இரண்டு சாவி போட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து போன்ற நாடுகளுக்கு ஒரு வகைச் சில்லு. பிரிட்டனுக்கும் இத்தாலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வேறு வகை. இந்த மூன்று நாடுகளிலும் என்இஎஸ்ஸை விற்றது மட்டெல் என்ற பொம்மை நிறுவனம். பழைய பெட்டி எங்காவது கண்ணில் பட்டால் முகப்பு மூடியைப் பாருங்கள், மட்டெல் பதிப்பு என்று ஆங்கிலத்தில் அங்கேயே அச்சிட்டிருக்கும். தொலைக்காட்சித் தரம் இந்த நாடுகளுக்கும் ஜெர்மனிக்கும் ஒத்துப்போகக்கூடியதுதான். மின்சாரமும் அதே அளவுதான். கேம் நிரலும் பெரும்பாலும் அதுவேதான். ஆனால் லண்டனிலிருந்து வந்த கேட்ரிட்ஜ் பலெர்மோவில் ஓடும், ஜெர்மனியிலிருந்து வந்தது ஓடாது. ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். லண்டன் மாமா கொண்டுவரும் கேம் விளையாடலாம். ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா வாங்கிவந்தால் பிள்ளை திரை சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தொழில்நுட்பக் காரணம் எதுவும் இதில் கிடையாது. சந்தையைக் கூறு போட்டு வைத்தால் ஒவ்வொரு கூறுக்கும் தனி விலை வைக்கலாம், அவ்வளவுதான்.

1990களில் இத்தாலியில் நின்டெண்டோவின் விநியோகம் லீனியா ஜிக் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. பிளாரன்ஸைச் சேர்ந்த பொம்மை வியாபாரிகள். எதிர்முகாமில் சேகாவின் மெகா டிரைவை விற்றது ஜோக்கி பிரெட்சியோசி, அதன் உரிமையாளர் என்ரிகோ பிரெட்சியோசி. ஜப்பானில் இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொண்டிருக்க, இத்தாலியில் அந்தச் சண்டையை இரண்டு பொம்மைக் கம்பெனிகள் நடத்தின. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் தொலைக்காட்சி விளம்பர இடைவேளையில் மாரியோவும் சோனிக்கும் மாறி மாறி ஓடினார்கள். 1997 முதல் 1999 வரை ஃபியொரெந்தினா கால்பந்து அணியின் ஊதாச் சட்டையில் நின்டெண்டோ என்ற பெயர் இருந்தது. பதிஸ்துதா கோல் போட்டுவிட்டு ஓடும் புகைப்படங்களில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். சேகா தன் பங்குக்கு ட்ரீம்காஸ்ட் பெயரை லண்டன் அர்செனல் அணியின் சட்டையில் எழுதியது. போட்டி கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. கடைசியில் ஜிக் நொடித்துப்போய் பிரெட்சியோசியின் குடைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் 1992 செப்டம்பரில் ஐரோப்பிய நாணய ஏற்பாடு ஆட்டம் கண்டது. பிரிட்டிஷ் பவுண்டும் இத்தாலிய லீராவும் அந்த ஏற்பாட்டை விட்டு வெளியேறின, மதிப்பு சரிந்தது. ஜெர்மன் மார்க்கைக் கையில் வைத்திருந்தவனுக்கு லண்டன் சரக்கும் இத்தாலிச் சரக்கும் மலிவாகிவிட்டன. வியாபாரிகளுக்கு இதற்குமேல் சொல்லித் தர வேண்டுமா? பிரிட்டனில் மொத்தமாக வாங்கு, லாரியில் ஏற்று, நெதர்லாந்தில் விற்று லாபம் பார். ஐரோப்பியச் சந்தை ஒன்றே என்று சட்டம் சொல்லும்போது இது முழுக்க நேர்மையான வியாபாரம். விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. நின்டெண்டோவின் சில சரக்குகள் பிரிட்டனில் ஜெர்மனியையும் நெதர்லாந்தையும்விட 65 சதவீதம் வரை மலிவாகக் கிடைத்தன என்று பின்னால் ஐரோப்பிய ஆணையம் கண்டறிந்தது. பிரிட்டனில் மட்டும் ஏன் இத்தனை மலிவு? அங்கே சேகா பலமாக இருந்தது, வீட்டுக் கணினி கேம்களும் மலிந்து கிடந்தன. போட்டி சூடாக இருந்த இடத்தில் நின்டெண்டோ விலையை இறக்கியது, எதிரி பலவீனமாக இருந்த இடத்தில் ஏற்றியே வைத்தது. ஆணையத்தின் முடிவில் இப்படி எழுதியிருக்கவில்லை, இது என் கணிப்பு. ஆனால் இதைவிடப் பொருந்தும் காரணம் எனக்குத் தெரியவில்லை.

மலிவான ஊரிலிருந்து விலையேறிய ஊருக்குச் சரக்கு ஓட ஆரம்பித்தால் விலை சமமாகிவிடும். அப்புறம் கூறு போட்டதற்கே அர்த்தம் இல்லை. நின்டெண்டோவும் அதன் ஏழு விநியோகஸ்தர்களும் சேர்ந்து எழுப்பிய வேலி அதற்காகத்தான். பிரிட்டனில் ஜான் மென்சீஸ், ஸ்வீடனில் பெர்க்சாலா, போர்ச்சுகலில் கொன்சென்ட்ரா, கிரேக்கத்தில் நோர்டெக், பெல்ஜியத்தில் சிடி-கான்டாக்ட், ஜப்பானின் இடோச்சு குழுமம், இத்தாலியில் லீனியா ஜிக். ஒவ்வொருவரும் தன் எல்லையைத் தாண்டிச் சரக்கு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் வழியாகச் சரக்கு வெளியேறியது என்று தடம் பிடித்தார்கள். வெளியே விட்ட கடைக்காரருக்கு அடுத்தமுறை சரக்கு குறையும், அல்லது வராமலே போகும். சில்லுக்குள் போட்டிருந்த பூட்டை மனிதர்களுக்கும் போட்டார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து ஏழெட்டு ஆண்டுகள் இது நடந்தது. ஐரோப்பிய ஆணையம் விசாரணையைத் தொடங்கிய பிறகும் நின்டெண்டோ நிறுத்தவில்லை. ஆணையம் அபராதத்தை உயர்த்திய காரணங்களில் அதுவும் ஒன்று.

அமெரிக்காவில் இதற்கு முன்பே ஒரு ஒத்திகை நடந்திருந்தது. என்இஎஸ் பெட்டியை 99 டாலர் 95 சென்ட்டுக்குக் கீழே விற்கக் கூடாது என்று கடைகளை நின்டெண்டோ கட்டாயப்படுத்தியதாகக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் மாநில அரசுகளும் குற்றம் சாட்டின. 1991இல் சமரசம் ஆனது. வாங்கியவர்களுக்கு 5 டாலர் கூப்பன். அந்தக் கூப்பனைக் கொண்டு வாங்க வேண்டியது இன்னொரு நின்டெண்டோ கேமைத்தான். தண்டனை என்ற பெயரில் கொடுத்த விற்பனைச் சலுகை இது என்றே சொல்வேன்.

ஐரோப்பா அப்படி விடவில்லை. 2002 அக்டோபர் 30 அன்று பிரஸ்ஸல்ஸில் தீர்ப்பு வந்தது. மொத்த அபராதம் 16 கோடியே 78 லட்சம் யூரோ. அதில் நின்டெண்டோவின் பங்கு மட்டும் 14 கோடியே 90 லட்சத்துக்கு மேல். ஒரே நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணையம் அதுவரை விதித்த மிகப் பெரிய அபராதங்களில் அதுவும் ஒன்று. ஜான் மென்சீஸ் 86 லட்சம், லீனியா ஜிக் 15 லட்சம். தீர்ப்பை வெளியிட்ட போட்டி விவகார ஆணையர் மாரியோ மோந்தி ஓர் இத்தாலியர், பிற்காலத்தில் இத்தாலியின் பிரதமர். பத்திரிகைகள் அவரைச் சூப்பர் மாரியோ என்றே அழைத்தன. நின்டெண்டோவின் மாரியோவுக்கும் பெயர் இத்தாலிய வம்சாவளியினர் ஒருவரிடமிருந்து வந்ததுதான். சியாட்டில் அருகே நிறுவனத்துக்குக் கிடங்கை வாடகைக்குக் கொடுத்திருந்த மாரியோ செகாலேயின் பெயரைத்தான் குழாய்க்காரனுக்கு வைத்தார்கள்.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் யூரோ நோட்டுகள் கைக்கு வந்திருந்தன. லீராவிலும் மார்க்கிலும் ஒளிந்திருந்த விலை வித்தியாசங்கள் ஒரே நாணயத்தில் பளிச்சென்று தெரிய ஆரம்பித்த காலம். 2009 ஏப்ரலில் லக்ஸம்பர்க் நீதிமன்றம் நின்டெண்டோவின் அபராதத்தை 11 கோடியே 92 லட்சமாகக் குறைத்தது. விசாரணையில் ஜான் மென்சீஸ் கொடுத்ததற்குச் சமமான ஒத்துழைப்பை நின்டெண்டோவும் கொடுத்ததாக நீதிமன்றம் கருதியதே காரணம். ஐரோப்பிய அபராதப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நிதிக்குப் போகும். அதிக விலை கொடுத்து வாங்கிய குடும்பங்களுக்கு அதிலிருந்து ஒரு சதம்கூடத் திரும்பவில்லை. தீர்ப்பு சரியானது, தேவையானது. ஆனால் ஏமாந்தவர்கள் ஏமாந்தவர்களாகவே இருந்துவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது ஆறவில்லை.

தீர்ப்பு வருவதற்குள் களமே மாறிவிட்டிருந்தது. 1994 டிசம்பரில் ஜப்பானிலும் 1995 செப்டம்பரில் ஐரோப்பாவிலும் சோனியின் பிளேஸ்டேஷன் வந்தது. கேட்ரிட்ஜுக்குப் பதில் சிடி. கேட்ரிட்ஜைத் தயாரிக்கப் பல டாலர்கள் ஆகும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிடியின் செலவு அதில் ஒரு சிறு பங்கு, தீர்ந்தால் உடனே அடித்துக் கொடுக்கலாம். கேம் நிறுவனங்கள் நின்டெண்டோவை விட்டுச் சோனி பக்கம் வந்ததற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். சேகா சாட்டர்னை 399 டாலருக்கு அறிவித்த அதே நாளில், அதே அரங்கில், சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அந்தப் பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது. 1990களின் இறுதியில் சோனி என்ற பேரரசின் மொத்த இயக்க லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேம் பிரிவிலிருந்தே வந்தது. தொலைக்காட்சியும் வாக்மேனும் செய்த நிறுவனத்தைக் கொட்டகை வசூல் தாங்கியது. சேகாவோ ட்ரீம்காஸ்டோடு முடிந்தது. 90 லட்சம் பெட்டிகள் விற்றும் கணக்கு கட்டவில்லை. 2001 ஜனவரியில் கன்சோல் தொழிலை விட்டே விலகியது. அதன் தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தச் சொத்தை நிறுவனத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த சில வாரங்களில் இறந்துபோனார்.

ஆனால் சிடியில் பூட்டு எப்படிப் போடுவது? சோனியின் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழியை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. தட்டின் உட்புறத் தடத்தை நேர்க்கோடாக விடாமல் மிக நுண்ணிய அளவில் அலையவிட்டார்கள். அந்த அலைவுக்குள் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கும். ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஜப்பானுக்கு எஸ்சிஇஐ. வீட்டுக் கணினியின் சிடி ரைட்டர் தரவை எழுதும், தடத்தை அலையவிடத் தெரியாது. ஆகவே நகல் தட்டில் அந்த நான்கு எழுத்து இருக்காது, பெட்டி அதை ஏற்காது. அசல் தட்டாக இருந்தாலும் அமெரிக்காவில் வாங்கியதாக இருந்தால் ஐரோப்பியப் பெட்டி கதவைச் சாத்திவிடும்.

இதற்கு எதிர்ச்சாவி வர நீண்ட நாள் ஆகவில்லை. எட்டுக் கால் கொண்ட சின்னஞ்சிறு பிஐசி சில்லு ஒன்று. கடைக்காரர் பெட்டியைத் திறந்து பலகையில் நாலைந்து கம்பிகளைப் பற்றவைப்பார். பெட்டி தட்டைக் கேட்கும்போதெல்லாம் இந்தச் சில்லு குறுக்கே புகுந்து சரியான நான்கு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். பெட்டி நம்பிவிடும். அந்தக் காலத்து இத்தாலியப் பிள்ளைகள் யார் வீட்டிலாவது பிளேஸ்டேஷன் இருக்கிறது என்றால் கேட்கும் அடுத்த கேள்வியே, அது மொதிஃபிகாத்தாவா என்பதுதான். மாற்றியமைத்த பெட்டி என்று பொருள். நேப்பிள்ஸ் தெருக்களில் நகல் தட்டுகள் துணி விரித்து விற்கப்பட்டன. கேம் எழுதிய கலைஞர்களின் உழைப்பு அதில் திருடப்பட்டது, இதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அதே சில்லு இன்னொரு வேலையும் செய்தது. வேறு நாட்டில் காசு கொடுத்து வாங்கிய அசல் கேமை ஓட்டியது. திருடனையும் நேர்மையான வாடிக்கையாளனையும் ஒரே பூட்டால் தடுத்தால் இரண்டு பேரும் ஒரே சாவியைத்தான் தேடுவார்கள்.

இந்தச் சிக்கலை உலகத்தில் முதலில் நிதானமாக எடுத்து ஆராய்ந்தவர்களில் இத்தாலிய நீதிபதிகளும் உண்டு. 2003 டிசம்பர் இறுதியில் வடக்கே போல்சானோ நீதிமன்றம், பறிமுதல் செய்யப்பட்ட பிளேஸ்டேஷன்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. பெட்டி வாங்கியவனுக்குச் சொந்தம், தன் பொருளை அவன் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர் ஆணையிட முடியாது, இந்தச் சில்லுகள் ஏகபோகத் தடைகளைத் தாண்டவும் உதவுகின்றன என்ற வாதத்தை ஏற்றது. தொழில் உலகம் அதிர்ந்தது. 2007இல் ரோமின் உச்ச நீதிமன்றம் மாறாகத் தீர்ப்பளித்தது, மாற்றுச் சில்லு விற்பது குற்றம் என்றது.

அடுத்த வழக்கு மிலானில். பிசி பாக்ஸ் என்ற நிறுவனம் நின்டெண்டோவின் டிஎஸ், வீ பெட்டிகளில் தனியார் எழுதிய மென்பொருளையும் பாட்டு, படம் ஓட்டும் செயலிகளையும் இயக்க உதவும் கருவிகளை விற்றது. நின்டெண்டோ வழக்குப் போட்டது. மிலான் நீதிமன்றம் தானே முடிவெடுக்காமல் ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 2014 ஜனவரி 23 அன்று பதில் வந்தது. கேமில் பாதியும் பெட்டியில் பாதியுமாகப் போட்ட பூட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பூட்டு தேவைக்கு மீறி இருக்கக் கூடாது. நகலைத் தடுக்க இதைவிட மென்மையான வழி இருந்ததா, இந்தக் கருவிகளை மக்கள் உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று நாட்டு நீதிமன்றம் பார்க்க வேண்டும். பின்னர் மிலானில் நின்டெண்டோவே வென்றது. இருந்தாலும், வாசலைப் பூட்டும் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு என்று ஐரோப்பாவின் உயர்ந்த நீதிமன்றம் எழுதிவைத்துவிட்டது. அந்த வரி ஓர் இத்தாலியக் கடையின் வழக்கால் கிடைத்தது.

நஷ்டத்துக்குப் பெட்டி விற்கும் துணிச்சல் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சோனி 2006-07இல் காட்டியது. பிளேஸ்டேஷன் 3 ஐரோப்பாவுக்கு 2007 மார்ச் 23 அன்று 599 யூரோவுக்கு வந்தது. அந்த விலைக்கே அடக்கச் செலவு தேறவில்லை. அந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு 23,200 கோடி யென்னுக்கு மேல் இழந்தது. மைக்ரோசாஃப்ட்டுக்கு வேறு வகை அடி. எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் சிவப்பு வளையம் காட்டிச் செத்துப்போக, உத்தரவாதத்தை நீட்டிப்பதற்காக 2007 ஜூலையில் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. இருவரும் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தபோது நின்டெண்டோ வீயை 249 யூரோவுக்கு விற்றது. பழைய சில்லுகள், எளிய பெட்டி, கையசைத்தால் ஆடும் கட்டுப்பாட்டுக் கருவி. பெட்டியிலேயே லாபம் பார்த்தது, 10 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் அடுத்த சுற்றிலேயே வீ யூ 1 கோடியே 35 லட்சத்தில் நின்றுபோனது. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நின்டெண்டோ இயக்க நஷ்டம் காட்டியது. இந்தத் தொழிலில் ஒரு தலைமுறையின் வெற்றி அடுத்த தலைமுறைக்குச் சீட்டு வாங்கித் தருவதில்லை.

இப்போது கேட்ரிட்ஜும் தட்டும் மறைந்துகொண்டிருக்கின்றன. பிளேஸ்டேஷன் 5இன் ஒரு வகைப் பெட்டியில் தட்டு போடும் இடமே இல்லை. கேம் இணையத்தில் இறங்கும், கடை ஒன்றே ஒன்று, அது பெட்டி செய்தவரின் கடை. விற்பனையில் 30 சதவீதம் அவருக்கு. ஜிக் போன்ற விநியோகஸ்தர் தேவையில்லை. லண்டனிலிருந்து லாரியில் சரக்கு கொண்டுவர யாரும் இல்லை. விளையாடி முடித்த கேமை பழைய கடையில் கொடுத்துப் பாதிப் பணம் வாங்க வழியில்லை, நண்பனுக்கு இரவல் தரவும் முடியாது. 1990களில் எட்டு நிறுவனங்கள் ரகசியமாகக் கூடி எழுப்ப முயன்ற வேலியை இணையக் கடை சட்டப்படியே முழுதாகக் கட்டி முடித்துவிட்டது.

விளைவு விலைச்சீட்டில் தெரிகிறது. முன்பெல்லாம் பெட்டி வந்து இரண்டு ஆண்டில் விலை இறங்கும், பொறுத்திருந்தவர்கள் வாங்குவார்கள். பலெர்மோவில் வீட்டு வேலை பார்த்த பெற்றோர்கள் காத்திருந்து வாங்கியது அப்படித்தான். இன்று நேர்மாறு. பிளேஸ்டேஷன் 5 ஐரோப்பாவில் 2020இல் 499 யூரோவுக்கு வந்தது, 2022 ஆகஸ்டில் 549 ஆனது. தட்டு இல்லாத வகை 2025 ஏப்ரலில் மறுபடி ஏறி 499ஐத் தொட்டது. பணவீக்கமும் சில்லுத் தட்டுப்பாடும் காரணம் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் ஃபில் ஸ்பென்சரே 2022இல் ஒவ்வொரு எக்ஸ்பாக்ஸுக்கும் 100 முதல் 200 டாலர் வரை கையிலிருந்து போடுவதாகச் சொன்னார். ஆனால் சேகா பக்கத்துக் கடையில் நின்றிருந்தால் இந்த விலையேற்றம் இத்தனை சுலபமாக நடந்திருக்காது. விலையை இறக்கியது நிறுவனங்களின் கருணை இல்லை, எதிரியின் மேல் இருந்த பயம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பிள்ளை கன்சோல் கேட்டால் பெட்டியின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நாலைந்து ஆண்டில் வாங்கப்போகும் கேம்களின் விலையையும், ஆன்லைனில் விளையாட மாதாமாதம் கட்டும் சந்தாவையும் சேர்த்துக் கூட்டிப்பாருங்கள். தட்டு போடும் வசதியுள்ள வகை கிடைத்தால் சற்று அதிகம் கொடுத்தாவது அதையே வாங்குங்கள். விற்கவும் இரவல் கொடுக்கவும் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் உரிமை அந்தத் தட்டில்தான் இருக்கிறது.

வரும் இதழில் இந்தியா: 80 சதவீத இறக்குமதி வரிக்கு நடுவே சேகாவின் பெட்டியை விற்க முன்வந்த ஷா வாலஸ் நிறுவனமும், நம் தெருக்களை ஆண்ட நகல் பெட்டிகளும்.